கம்பைலர் அழித்த ஒரு வரியைத் தேடி மூன்று இரவு

நேற்று இரவு பதினொன்றரைக்கு 17ஆம் எண் டெஸ்ட் ஃபைல் ஒருவழியாகத் தேறியது. அதற்கு முன்னாலும் இரண்டு முறை தேறியிருக்கிறது, ஆனால் அந்த இரண்டும் ஏமாற்று. கடைசியில் மாற்றியது ஒரே ஒரு வரி, ஒரு கூட்டலைக் கழித்தலாக்கினேன், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு மூன்று இரவு, கூட்டிப் பார்த்தால் பதினொரு மணி நேரம் போயிருக்கிறது. அதில் எட்டு மணி நேரமாவது தப்பான இடத்தில் தோண்டியதுதான். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நானே எழுதிய சின்ன சி நிரல் இது. நாலு ஃபைல், மொத்தம் 1,900 வரி சொச்சம். ஒரு டேட்டா லாகர் கக்கும் பைனரி ஃபைலைப் படித்து, ரெக்கார்டு ரெக்கார்டாகப் பிரித்து, சிஎஸ்வி ஆக எழுதித் தரும். ஒவ்வொரு ரெக்கார்டின் தலையிலும் 4 பைட் நீளம், 2 பைட் வகை, அப்புறம் சரக்கு. மேக்ஃபைலில், அதாவது நிரலை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஃபைலில், அன்றைக்கு என்ன போட்டேனோ அதுவேதான் இன்றுவரை ஓடிக்கொண்டிருந்தது: -ஓ0, -ஜி. ஆப்டிமைசேஷன், அதாவது நிரலை மெஷின் கட்டளையாக மாற்றும் கம்பைலரே அதைச் சுருக்கி வேகமாக்கும் வேலை, அந்தப் பேச்சே இல்லை. டீபக் பண்ண வசதியாக இருக்கட்டும் என்று வைத்ததை எடுக்க மறந்துவிட்டேன். போன வாரம் 640 எம்பி ஃபைல் ஒன்று வந்தது, 41 விநாடி எடுத்தது, அப்போதுதான் மேக்ஃபைலைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு ஆப்டிமைசேஷனைத் திறந்துவிடும் -ஓ2 என்று மாற்றினேன். 14 விநாடி! ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் மூன்று மடங்கு வேகம் கிடைத்த சந்தோஷத்தில் டெஸ்டையும் ஓட்டினேன்.

டெஸ்ட் என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. வேண்டுமென்றே கெடுத்து வைத்த 23 ஃபைல்கள், அவற்றை ஒவ்வொன்றாக நிரலுக்குக் கொடுக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். நிரல் கீழே விழாமல் ஒழுங்காக வெளியே வந்தால் தேர்ச்சி. 22 தேறியது, 17 மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு விழுந்தது.

17ஆம் ஃபைல் 48,916 பைட். அதில் ஒரு ரெக்கார்டின் நீளத்தை மட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திருத்தி 2147483632 ஆக்கி வைத்திருந்தேன். இன்ட், அதாவது சி மொழியின் 32 பிட் முழு எண், அதன் உச்சவரம்பு 2147483647, அதற்கு 15 குறைவு. இவ்வளவு பெரிய நீளம் வந்தால் கூட்டும்போது எண் சுற்றிக்கொண்டு மைனஸாகிவிடும், அதை நிரல் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஃபைல். எட்டு வருடமாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

முதல் இரவு முழுக்க நினைவகம் கேட்டு வாங்கும் மேலாக் மேல் சந்தேகம். விழுந்த இடம், பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி. 2 ஜிபி கேட்டால் மேலாக் நல் (எங்கேயும் காட்டாத வெற்று முகவரி) கொடுத்திருக்கும், அதை நான் சரிபார்க்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். பார்த்தால் சரிபார்த்திருக்கிறேன், மேலாக்கும் நல் கொடுக்கவில்லை. லினக்ஸில் 2 ஜிபி கேட்டால் முகவரியை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிடும், தொடும்போதுதான் உண்மையான நினைவகத்தைத் தேடும். ஆக, போய்ச் சேரும் இடம் சரி. எடுக்கும் இடம்தான் 48,916 பைட்டோடு முடிந்துவிடுகிறது, அதைத் தாண்டிப் படிக்கப் போய் விழுகிறது. இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு மணி நேரம். ஆனால் உண்மையான கேள்வி வேறு. இந்த நீளம் மெம்காப்பி வரைக்கும் எப்படி வந்தது? வாசலிலேயே மூன்று காவல் போட்டிருக்கிறேனே. கோடில் இருப்பது இதுதான், பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், பாஸ் என்பது இப்போது நிற்கும் இடம், லென் ஃபைலிலிருந்து வந்த நீளம், எண்ட் ரெக்கார்டு முடியும் இடம், சைஸ் ஃபைலின் மொத்த அளவு, நான்குமே சாதாரண இன்ட்:

லென் < 0 என்றால் பிழை
எண்ட் = பாஸ் + லென்
எண்ட் < பாஸ் என்றால் பிழை
எண்ட் > சைஸ் என்றால் பிழை

டீபக்கரில் போட்டேன். எண்ட் என்ன மதிப்பு என்று கேட்டால் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்கிறது. மூன்றாவது வரியில் நிறுத்து என்றால் நாலாவது வரியில் போய் நிற்கிறது. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். -ஓ2 என்றால் டீபக்கர் இப்படித்தான் தாவும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு நம் எல்லோருடைய கடைசி ஆயுதம், மதிப்பைத் திரையில் எழுதிக் காட்டும் பிரிண்ட்எஃப். மூன்றாவது வரிக்கு நேர் மேலே ஒன்று போட்டேன். திரையில் வந்தது:

பாஸ்=212 லென்=2147483632 எண்ட்=-2147483452 சைஸ்=48916

அதற்கு அடுத்த வரி, எண்ட் பாஸைவிடச் சின்னதா என்ற கேள்வி. மைனஸ் 214 கோடி 212ஐவிடச் சின்னது என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். நிரல் அந்த இஃப்புக்குள் போகவில்லை. மறுபடி ஓட்டினேன், போகவில்லை. எல்லா ஆப்ஜெக்ட் ஃபைலையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் செய்தேன், போகவில்லை. ரேம் கெட்டுவிட்டதோ என்று மெம்டெஸ்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ரேமுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது இரவு ஆப்ஜ்டம்ப் எடுத்து அசெம்பிளியை, அதாவது கம்பைலர் உண்மையில் எழுதிய மெஷின் கட்டளைகளை, பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. -ஓ0வில் அந்த நாலு வரிக்கு மூன்று ஒப்பிடல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவல். -ஓ2வில் இரண்டே ஒப்பிடல். லென் மைனஸா என்று ஒரு டெஸ்ட், பிறகு ஒரு கூட்டல், சைஸோடு ஒரு சிஎம்பி. நடுவில் இருந்த காவல்காரன் ஆளே இல்லை. வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருக்கிறதோ என்று ஃபங்ஷன் முழுக்கத் தேடினேன், கிடையாது.

கம்பைலரில் பக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு பத்து நிமிடம் பெருமிதமாக இருந்தது. ஜிசிசிதான் என் கம்பைலர், அதற்கு பக் ரிப்போர்ட் எழுதவே ஆரம்பித்துவிட்டேன். எழுதுவதற்கு முன் ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடியதில் 30475 என்ற எண் கிடைத்தது. 2007 ஜனவரியில் ஒருவர் கிட்டத்தட்ட இதே புகாரைக் கொடுத்திருக்கிறார், ஓர் இன்ட்டோடு 100ஐக் கூட்டினால் அது பெரிதாகிறதா என்று சரிபார்க்கும் அசெர்ட் காணாமல் போகிறது என்று. அதை "செல்லாது" என்று மூடிவிட்டார்கள். கீழே நீண்ட சண்டை. என் ரிப்போர்ட்டை அழித்துவிட்டேன்.

நடப்பது இதுதான். சி மொழித் தரம், குறி உள்ள, அதாவது மைனஸும் வரக்கூடிய, முழு எண் வரம்பு மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு எந்த விதியும் சொல்லவில்லை. அன்டிஃபைன்ட் பிஹேவியர், சுருக்கமாக யூபி. நடந்தால் மூக்கிலிருந்து பூதம் பறந்தாலும் கேட்க முடியாது என்று 1990களிலேயே சி ஆட்கள் கேலி பேசியிருக்கிறார்கள். ஆனால் கம்பைலர் பூதம் எதையும் விடுவதில்லை, சாதாரணமாக ஒரு கணக்குப் போடுகிறது: "விதி இல்லாத இடத்துக்கு இந்த நிரல் வரவே வராது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாஸ் + லென் வரம்பு மீறாது. லென் மைனஸ் இல்லை என்று மேல்வரியிலேயே சரிபார்த்தாகிவிட்டது. மைனஸ் இல்லாத ஒன்றைக் கூட்டினால் எண்ட் எப்படி பாஸைவிடக் குறையும்? இந்த இஃப் வீண்." தூக்கிவிட்டது. எனக்கு வயிறெரிந்தது அந்த மேல்வரியைப் பார்த்துத்தான். லென் < 0 என்று ஜாக்கிரதையாக நான் போட்ட முதல் காவல்தான் இரண்டாவது காவலை வேலையைவிட்டு அனுப்ப கம்பைலருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. நாலாவது வரியில் எண்ட் மைனஸாக இருப்பதால் சைஸைவிடப் பெரிதில்லை, அதுவும் வழிவிட்டது. -வால் -வெக்ஸ்ட்ரா இரண்டும் போட்டுத்தான் கம்பைல் செய்தேன், ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

சரி, வரியைக் காப்பாற்ற வேண்டும். முதலில் அந்த ஒப்பீட்டைத் தனி ஃபங்ஷனாக எடுத்தேன், கம்பைலருக்குச் சூழல் தெரியாமல் போகும் என்ற நினைப்பில். அதே ஃபைலில் இருக்கும் சின்ன ஃபங்ஷனை -ஓ2 அப்படியே உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும், போட்டுக்கொண்டது, வரி மறுபடி போனது. பிறகு எண்ட் முன்னால் வாலட்டைல் என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். தேறியது! இது முதல் ஏமாற்று. வாலட்டைல் என்றால் மதிப்பை நினைவகத்தில் எழுதி அங்கிருந்தே திரும்பப் படித்தாக வேண்டும், படித்து வரும் மதிப்பைப் பற்றி எதையும் ஊகிக்கக் கூடாது, அதனால் ஒப்பீட்டைத் தூக்க முடியவில்லை. ஆனால் மேலே இருக்கும் கூட்டல் அதே யூபி கூட்டல்தான். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்த கதை.

அன்றே கிரெப் போட்டுத் தேடிப் பார்த்ததில் இதே கூட்டு-ஒப்பிடு பாணி இன்னும் மூன்று இடத்தில் இருந்தது. எல்லாவற்றிலும் வாலட்டைல் போட மனசு வரவில்லை. கூட வேலை பார்க்கும் தம்பியிடம் புலம்பினேன். "அண்ணே, எஃப்ராப்வி போட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு யோசனை" என்றான். குறி உள்ள எண் வரம்பு மீறினால் இரண்டின் நிரப்பு முறையில் (மைனஸ் எண்ணை பிட்டுகளில் எழுதும் வழக்கமான முறை) சுற்றிக்கொள்ளும் என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கும் ஃபிளாக் அது. வாலட்டைலை எடுத்தேன், ஃபிளாக்கைப் போட்டேன், 23ம் தேறியது. நேரம் பார்த்தேன், அதே 14 விநாடி, வித்தியாசம் அளக்கும் அளவுக்குக்கூட இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இந்த ஃபிளாக்கோடுதான் கம்பைல் ஆகிறது, லினக்ஸ் கெர்னலும் குறி உள்ள எண் சுற்றும் என்ற அடிப்படையில்தான் கம்பைல் ஆகிறது. பெரிய மனிதர்களே செய்கிறார்கள், நமக்கென்ன என்று அத்தோடு முடித்திருப்பேன்.

முடிக்காததற்குக் காரணம், சும்மா ஒரு ஆர்வத்தில் சானிடைசரையும் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தது. எஃப்சானிடைஸ்=அன்டிஃபைன்ட், நிரல் ஓடும்போது யூபி நடந்தால் புகார் சொல்லும் ஃபிளாக். ஜிசிசியில் 4.9லிருந்தே, அதாவது 2014லிருந்து இருக்கிறது, நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஓட்டினேன், 23ம் தேர்ச்சி. ஒரு புகாரும் இல்லை. பார்த்தாயா, சுத்தமான கோட் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இது இரண்டாவது ஏமாற்று, அதுவும் இரண்டு அடுக்கு.

முதல் அடுக்கு: சானிடைசர் புகாரை ஸ்டாண்டர்டு எர்ரரில் (பிழைச் செய்திக்கான தனி வெளியீட்டில்) எழுதிவிட்டு நிரலைத் தொடர்ந்து ஓடவிடும், முடிவில் எக்சிட் கோடும் பூஜ்யமாகவே, அதாவது வெற்றி என்றே, இருக்கும். என் ஸ்கிரிப்ட் எக்சிட் கோடை மட்டும் பார்க்கிறது, ஸ்டாண்டர்டு எர்ரரை டெவ்-நல்லுக்கு, அதாவது குப்பைக்கு, அனுப்புகிறது. அதாவது சானிடைசர் கத்தக் கத்த நான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். நோ-சானிடைஸ்-ரிகவர் என்று சேர்த்தால் முதல் புகாரிலேயே நிரல் நின்றுவிடும், எக்சிட் கோடும் மாறும். இரண்டாவது அடுக்கு இன்னும் நயமானது. எஃப்ராப்வி மேக்ஃபைலில் இருந்தது. அந்த ஃபிளாக் இருந்தால் வரம்பு மீறுதல் யூபியே இல்லை, அதனால் என் ஜிசிசியில் சானிடைசர் அந்தச் சோதனையையே வைப்பதில்லை. மருந்து சாப்பிட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனதுபோல.

எஃப்ராப்வியை எடுத்தேன், ஸ்டாண்டர்டு எர்ரரைத் திறந்துவிட்டேன், மறுபடி ஓட்டினேன். 11 வெவ்வேறு வரிகளில் புகார். 1,900 வரிக்கு 11. ஒவ்வொன்றிலும் ஃபைல் பெயர், வரி எண், இடம், என்ன மதிப்பு என்பது வரை இருக்கிறது. 17ஆம் ஃபைலுக்கு 212 + 2147483632 என்பதை இன்ட்டில் அடக்க முடியாது என்று எண்ணோடு சொன்னது. மூன்று நாளாக நான் தேடிய வாக்கியம் அது.

அந்த 11ல் ஆறு வரம்பு மீறுதல். நாலு அந்தக் கூட்டு-ஒப்பிடு பாணி, ஒன்று செக்சம் (தரவு கெடவில்லையே என்று பார்க்கும் எண்), அதை இன்ட்டில் பெருக்கிப் பெருக்கிப் போய்க்கொண்டிருந்தேன், அன்சைன்ட் (குறி இல்லாத எண்) ஆக்கியதோடு தீர்ந்தது, அன்சைன்ட் சுற்றுவதற்குத் தரத்திலேயே விதி இருக்கிறது. ஆறாவதுதான் என்னை உட்கார வைத்தது. லாகர் கொடுக்கும் விநாடியை 1000ஆல் பெருக்கி மில்லிவிநாடியாக்கும் வரி, அதுவும் இன்ட்டில். லாகர் ஆன் செய்த நேரத்திலிருந்து விநாடி எண்ணுகிறது. 2147483 விநாடியைத் தாண்டினால், அதாவது 24 நாள் 20 மணி நேரம் சொச்சம் தொடர்ந்து ஓடினால், பெருக்கல் சுற்றி மைனஸாகிவிடும். பழைய சிஎஸ்விகளைத் தோண்டினேன். நிஜமாகவே மூன்று ஃபைலில் நேரம் மைனஸில் போயிருக்கிறது, -ஓ0வில் எழுதியவை அவை. அதாவது இந்த இடத்தில் கம்பைலர் எதையும் தூக்கவில்லை, எந்தக் குறும்பும் செய்யவில்லை, என் கணக்கே தப்பு. எஃப்ராப்வி போட்டிருந்தால் இந்தத் தப்பு "வரையறுக்கப்பட்ட" தப்பாக இன்னும் எட்டு வருடம் ஓடியிருக்கும், சானிடைசரும் வாய் திறந்திருக்காது. ஃபிளாக்கோடு நின்றுவிடக் கூடாது என்று நான் முடிவு செய்தது இந்த வரியைப் பார்த்த பிறகுதான்.

மீதி ஐந்தில் இரண்டு ஷிஃப்ட். நாலு பைட்டைச் சேர்த்து ஓர் எண்ணாக்கும்போது கடைசி பைட்டை 24 இடம் இடப்பக்கம் தள்ளுவோம் இல்லையா, அந்த பைட் அன்சைன்ட் கேர் (குறி இல்லாத ஒரு பைட் எண்) என்பதால் பத்திரம் என்று நினைத்திருந்தேன். ஆனால் கணக்கில் இறங்கும் முன் அது சத்தமில்லாமல் இன்ட்டாக மாறிவிடுகிறது. பைட் 127 வரை இருந்தால் பிரச்சினையில்லை, 128ஓ அதற்கு மேலோ போனால் தள்ளியது குறி பிட்டில் போய் விழுகிறது, யூபி. தள்ளுவதற்கு முன்பே 32 பிட் அன்சைன்ட் ஆக்க வேண்டும். ஒரு காஸ்ட் (வகை மாற்றம்), ஒரு அடைப்பு, முடிந்தது. இரண்டு புகார் அலைன்மென்ட், அதாவது முகவரி சரியான மடங்கில் இல்லாதது. பஃபருக்கு நடுவில் எங்கேயோ நிற்கும் கேர் பாயிண்டரை 32 பிட் பாயிண்டராக காஸ்ட் செய்து அப்படியே படித்திருந்தேன், அந்த முகவரி நாலால் வகுபடவில்லை. அதற்கு மாற்று, நாலு பைட்டை மெம்காப்பி செய்து ஒரு லோக்கல் வேரியபிளில் எடுப்பது. நாலு பைட்டுக்குப் போய் ஒரு ஃபங்ஷன் கால் போடுவதா என்று பிடிக்கவேயில்லை. அசெம்பிளியைப் பார்த்தால் கால் எதுவும் இல்லை, ஒற்றை மூவ் கட்டளையாகச் சுருக்கிவிட்டிருக்கிறது. என் இஃப்பைத் தூக்கிய அதே ஆப்டிமைசர்தான்.

கடைசி ஒன்று, நல் பாயிண்டரோடு மெம்காப்பி. நீளம் பூஜ்யமான ரெக்கார்டுக்கு நான் இடமே ஒதுக்குவதில்லை, பாயிண்டர் நல், நகல் எடுக்கும் அளவும் 0. பூஜ்யம் பைட்தானே, என்ன ஆகிவிடப்போகிறது? லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் ஹெடரில் மெம்காப்பியின் பாயிண்டர்கள் நல் ஆகவே இருக்காது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே மெம்காப்பியைத் தாண்டிய பிறகு நான் "பாயிண்டர் நல் என்றால் காலி என்று எழுது" என்று கேட்டதை ஜிசிசி வீண் கேள்வி என்று நீக்கிவிட்டது. -ஓ2வில் எழுதிய சிஎஸ்வியில் "காலி" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. என் டெஸ்ட் வெளியீட்டை ஒப்பிடுவதில்லை என்பதால் இது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். 2009ல் லினக்ஸ் கெர்னலின் டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் நடந்ததும் இதன் அண்ணன்தான், முதலில் பாயிண்டருக்குள் கையை விட்டுவிட்டு அடுத்த வரியில் அது நல் தானா என்று கேட்டார்கள், ஜிசிசி கேள்வியை நீக்கியது, அது கெர்னலையே கைப்பற்றும் ஓட்டையாகிப் போனது. அதற்குப் பிறகு நல் சோதனைகளைத் தூக்காதே என்ற ஃபிளாக்கோடுதான் கெர்னல் கம்பைல் ஆகிறது. நான் ஃபிளாக்குக்குப் போகாமல் பூஜ்ய நீளத்தை மெம்காப்பிக்கு முன்பே கையாண்டுவிட்டேன்.

திரும்ப 17க்கு வருகிறேன். எண்ட்டை லாங் ஆக்கினால் 64 பிட், நிறைய இடம் இருக்கிறதே என்று மாற்றினேன். டெஸ்ட் தேறியதா என்று பார்ப்பதற்கு முன்பே சானிடைசர் அதே வரியில் அதே எண்களோடு கத்தியது. பாஸும் லென்னும் இன்ட் என்பதால் கூட்டல் இன்ட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது, அகலமான பெட்டியில் போடுவது அதற்கப்புறம். சின்ன டம்ளரில் வழிய வழிய ஊற்றிவிட்டு, அதை அண்டாவில் கொட்டியது மாதிரி. கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் தோன்றியது, எனக்கு எண்ட் என்பதே தேவையில்லை. "மீதி இருப்பதைவிட லென் பெரிதா" என்பதுதானே கேள்வி?

லென் > சைஸ் - பாஸ் என்றால் பிழை

பாஸ் எப்போதும் பூஜ்யத்துக்கும் சைஸுக்கும் நடுவில் இருக்கிறது என்பதால் அந்தக் கழித்தல் வரம்பு மீறாது. இரண்டு காவலுக்குப் பதில் ஒன்று. கம்பைலர் இதைத் தூக்க முடியாது. நாலு இடத்தில் மூன்றை இப்படியே மாற்றினேன். நாலாவதில் மூன்று எண்களைக் கூட்ட வேண்டியிருந்தது, அங்கே பில்ட்இன் ஆட் ஓவர்ஃப்ளோ, ஜிசிசி 5லிருந்தே உண்டு, கூட்டியும் கொடுக்கும், மீறியதா என்று உண்மை-பொய்யும் சொல்லும். சி மொழித் தரத்தின் சி23 பதிப்பில் இதையே தரத்துக்குள் சிகேடி-ஆட் என்று கொண்டுவந்துவிட்டார்கள். அதே சி23 இரண்டின் நிரப்பு முறையைக் கட்டாயமாக்கியும் வரம்பு மீறுதலை யூபியாகவே விட்டு வைத்திருக்கிறது, "இப்போதுதான் எல்லா மெஷினும் சுற்றுகிறதே" என்று வாதாட நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

இன்று காலை காபிக்கு முன் இன்னொரு கம்பைலரான க்ளாங்கின் லிப்ஃபஸர் (கண்டபடி மாற்றிய உள்ளீடுகளைக் கொடுத்து நிரல் விழுகிறதா என்று பார்க்கும் கருவி) ஒன்றைக் கட்டி, நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் சேர்த்து ஓடவிட்டேன். கட்ட 20 வரி. நாற்பது நிமிடத்தில் இரண்டு கிடைத்தது. ஒன்று, ஃபைல் கடைசியில் இரண்டு மூன்று பைட் மட்டும் மிச்சமிருந்தால் 4 பைட் நீளத்தைப் படிக்கப் போய் எல்லை தாண்டுகிறேன். லென் சரியா என்று அவ்வளவு பாடுபட்டவன், லென்னைப் படிக்கவே இடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இன்னொன்று ஒரு வகுத்தல், -2147483648ஐ -1ஆல். விடை இன்ட்டில் அடங்காது. எக்ஸ்86ல் நிரல் அந்த இடத்திலேயே சிக்னல் வாங்கிச் செத்துவிடுகிறது, 64 பிட் ஆர்ம் சிப்பில் வகுத்தல் கட்டளை எதுவும் நடக்காததுபோல் அதே மைனஸ் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். இப்படி ஒரு ஜோடி எண்ணை நான் உட்கார்ந்து யோசித்து டெஸ்ட் ஃபைல் எழுதியிருக்கவே மாட்டேன்.

செலவுக் கணக்கு, அதே 640 எம்பி ஃபைலுக்கு: திருத்திய கோட் -ஓ2வில் 14 விநாடி, முன்பு போலவே. யூபி சானிடைசரோடு 37. அட்ரஸ் சானிடைசரும் சேர்ந்தால் 70ஐத் தொடுகிறது. சின்ன டெஸ்ட் ஃபைல்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, இரண்டு சானிடைசரோடு 25ம் ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. ஆம், 25, ஃபஸர் கண்டுபிடித்த இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

அடுத்த தடவை வரிசையை மாற்றுவேன். சானிடைசர் முதலில், அசெம்பிளி இரண்டாவது, மெம்டெஸ்ட் கடைசியில், முடிந்தால் வேண்டவே வேண்டாம். மேக்ஃபைலில் இப்போது இரண்டு இலக்கு: வெளியே போவது -ஓ2வும் எஃப்ராப்வியும், டெஸ்டுக்கு எஃப்ராப்வி இல்லாமல் சானிடைசரோடு, புகார் வந்தால் உடனே நிற்கும்படி. கோடைத் திருத்திய பிறகும் எஃப்ராப்வி எதற்கு என்றால், டெஸ்ட் ஓட்டாத வரியைச் சானிடைசர் பார்ப்பதில்லை, அந்த வரிகளில் இன்னும் என்ன வைத்திருக்கிறேனோ. தம்பி சிரித்தான்.

ஒன்றை மட்டும் சரிசெய்யாமல் விட்டிருக்கிறேன். ஒரு ஃபங்ஷனில் ஃப்ளோட்டின் பாயிண்டரை இன்ட் பாயிண்டராக காஸ்ட் செய்து பிட்டுகளைத் திருப்பிப் போடும் வேலை நடக்கிறது, ஒரு வகை மதிப்பை வேறு வகைப் பாயிண்டர் வழியாகத் தொடக் கூடாது என்ற ஏலியாசிங் விதிக்கு அப்பட்டமாக விரோதம், இந்தச் சானிடைசர் அந்த வகையைப் பிடிப்பதும் இல்லை. அதைத் திருத்தும் வரைக்கும் நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங் என்று மேக்ஃபைலில் ஒரு வரி, பக்கத்திலேயே "ஃப்ளோட் ஃபங்ஷனைத் திருத்தியதும் எடுக்கவும்" என்று கமெண்ட். -ஓ0வுக்குப் பக்கத்திலும் எட்டு வருடத்துக்கு முன்னால் ஏறக்குறைய இப்படித்தான் ஒரு கமெண்ட் எழுதியிருந்தேன்.